ஒரு எம் குறைவு

மூலனூருக்குத் தெற்கே முருங்கைக்காட்டில் பிறந்து, பத்தாவது முடித்து, தாராபுரத்தில் தட்டச்சு லோயர் பாஸ் செய்த கிட்டுசாமிக்கு இங்கிலீஷ் தெரியுமா தெரியாதா என்று பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அவர் அடித்த இன்வாய்ஸை நம்பித்தான் இருபது வருடமாக இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பனியன் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. சரக்கு இறங்கிவிட்டால் போதும், இலக்கணம் கரையிலேயே நின்றால் யாருக்கு நட்டம்?

அவருக்கு ஒரே ஒரு வரி மட்டும் தண்ணீர் பட்ட பாடு. பையருக்கு, அதாவது வெளிநாட்டில் வாங்குகிறவருக்கு, வாரம் இரண்டு மூன்று மாதிரிப் பனியன் பார்சல் போகும். அதற்கு ஒரு இன்வாய்ஸ் உண்டு. அதன் அடியில் பெரிய எழுத்தில், ‘இது சாம்பிள், கமர்ஷியல் மதிப்பு எதுவும் இல்லாதது’ என்று இங்கிலீஷில் ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால் அங்கே சுங்கத்தில் வரி போட மாட்டார்கள். கமர்ஷியல் என்ற சொல்லுக்கு இங்கிலீஷ்காரன் இரண்டு எம் போடுகிறான். கிட்டுசாமி ஒன்றுதான் போடுவார். முதல் நாள் தப்பாக அடித்தது. யாரும் திருத்தவில்லை. தட்டச்சு மிஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோதும், பழைய தாளைப் பார்த்து அப்படியே அடித்துக் கம்ப்யூட்டருக்குள்ளும் அந்த ஒற்றை எம்மைக் குடியேற்றிவிட்டார். அதற்கப்புறம் அந்த வரி அவர் கண்ணுக்கு எழுத்தாகவே தெரிந்ததில்லை. நோட்டுப் புத்தகத்தின் அடிக்கோடு மாதிரி, அது பாட்டுக்குக் கிடந்தது.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம் டாலர் நாற்பது ரூபாய்க்கு வந்து அதற்கும் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊரில் நாலு முதலாளிகள் கூடினால் துக்க வீடு மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனி முதலாளி ரத்தினசாமிக்கு ஒரு கார் இனாமாக வந்தது.

கொடுத்தவர் வில்மாட் என்ற கிழவர். ரத்தினசாமியின் முதல் பையர். கட்டிங் டேபிள் ஒன்றும் கடன் நாலுமாக இருந்த காலத்தில், அரைக்கைச் சட்டையோடு இங்கிலாந்தில் போய் இறங்கிய ரத்தினசாமியை ஸ்டேஷனிலிருந்து நீலக் காரில் ஏற்றிக்கொண்டு போனவர். மழை பெய்துகொண்டிருந்தது. காரில் ஹீட்டர் இல்லை. தன் கோட்டைக் கழற்றி இவர் தோளில் போட்டுவிட்டு, அவர் நடுங்கிக்கொண்டே ஓட்டினாராம். இந்தக் கதையைக் கம்பெனியில் அயர்ன் மேஸ்திரி வரைக்கும் எல்லோரும் பதினைந்து தடவையாவது கேட்டிருப்பார்கள். கிழவர் இப்போது கடையை மூடுகிறார். ‘பிள்ளை குட்டி கிடையாது. அன்றைக்கு நீ அந்தக் காரைப் பார்த்த பார்வை ஞாபகமிருக்கிறது. அனுப்பட்டுமா?’ என்று எழுதியிருந்தார்.

“ஆவணியில என்ற பொண்ணு கிருத்திகா கல்யாணம். சென்னிமலை அடிவாரத்துல இருந்து மண்டபம் வரைக்கும் பொண்ணு மாப்பிள்ளைய அந்தக் கார்லதான் கூட்டிட்டு வரோணும். முருகனே பாத்து அனுப்பறதுங்க” என்றார் ரத்தினசாமி.

முருகன் அனுப்பினாலும் சென்னைத் துறைமுகம் வழியாகத்தான் அனுப்பியாக வேண்டும். அதற்காகச் சுங்கக் கிளியரிங் பார்க்கும் சோணைமுத்துவைக் கூப்பிட்டார்கள். விளாத்திகுளம் பக்கத்துக்காரன், நாற்பது வயது, குடியிருப்பது இந்த ஊரிலேயே. பதினைந்து வருடமாக இந்தக் கம்பெனியின் சரக்கைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி விடுகிறவன். அங்கே போய்த் திரும்பும்போதெல்லாம் தூத்துக்குடி மக்ரூன் ஒரு பெட்டி கிட்டுசாமி வீட்டுக்கு வரும். பதிலுக்கு மூலனூர் முருங்கைக்காய் ஒரு கட்டு அவன் வீட்டுக்குப் போகும்.

“சும்மா குடுக்கறதுக்கு ஏனுங்க வரி?” என்று ஆரம்பித்தார் ரத்தினசாமி.

“சும்மா குடுக்கிறது அவுக, வாங்குறது நம்ம. நடுவுல கவருமெண்டு நிக்கிதுல்ல மொதலாளி. ஐம்பதுக்கு முந்துன வண்டி, அதனால லைசென்சு வேண்டாம்னு விடுறாக. இது நாப்பத்தெட்டாம் வருச ஆஸ்டின். தப்பிச்சோம். வெலை என்னான்னு அங்கயே ஒரு இஞ்சினியர் சர்ட்டிபிகேட்டு குடுத்திருக்காரு, நாலாயிரம் பவுண்டு. அதுக்கு மேல கப்பல் வாடகை, இன்சூரன்சு. எல்லாத்தையும் கூட்டி, அதுக்கு வரி.”

“வாடகைக்குமுங்களா வரி?”

“ஆமா.”

“இன்சூரன்சுக்கும்?”

“ஆமா மொதலாளி.”

“அட சாமி! நடுக்கடல்ல முழுகாம வந்து சேந்ததுக்கு ஒரு வரியா?”

“அந்த வரிக்கு மேல இன்னொரு வரி. அது ரெண்டுக்கும் மேல செஸ்ஸு. மொத்தத்துல காரு வெலையப் போல ஒண்ணரை மடங்குக்கு மேலயே வந்துரும். ஊருக்கு வந்தபெறகு நம்பர் வாங்க ஆர்.டி.ஓ. ஆபீசுல ஒரு வரி. இனாம் காரு ஒம்போது லட்சத்துல வந்து நிக்கும். யோசிச்சுச் சொல்லுங்க.”

ரத்தினசாமி ஜன்னலைப் பார்த்தார். வெளியே டையிங்கிலிருந்து வந்த துணி ரோல்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். “அந்தக் கோட்டுக்கு நான் வரியே கட்டுலீங்க” என்றார். “இதையாச்சும் கட்டறேன். நீயும் கிட்டுசாமியும் பாத்து முடிங்க.”

பாத்து முடிங்க என்றால் பேப்பர் எல்லாம் நீங்கள் இரண்டு பேரும்தான் என்று அர்த்தம். யார் எதை அடித்தார்கள் என்று முதலாளி பார்ப்பதில்லை.

வில்மாட் கிழவருக்கு வாங்கித்தான் பழக்கம், ஏற்றுமதிப் பேப்பர் தெரியாது. ‘இன்வாய்ஸை நீங்களே அடித்து அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டு வண்டியோடு அனுப்பிவிடுகிறேன்’ என்று எழுதிவிட்டார். அது வந்த நாள் கிட்டுசாமி மேஜையில் ஒரு ஷிப்மெண்டின் பேப்பர்கள் குவிந்து கிடந்தன. இரண்டு போன் அடித்துக்கொண்டிருந்தது, மூன்றாவது போனில் பேக்கிங்காரன் கத்திக்கொண்டிருந்தான். புதிதாக ஒரு ஃபார்மேட் போட நேரமில்லை. சாம்பிள் இன்வாய்ஸைத் திறந்து, மேலே பெயர்களை மாற்றினார். ஸ்டைல் நம்பர் என்ற இடத்தில் சேஸிஸ் நம்பர். கலர் என்ற இடத்தில் நீலம், நல்லவேளை அதை மாற்ற வேண்டியிருக்கவில்லை. சைஸ் என்ற இடத்தில் எக்ஸ்.எல். என்று இருந்ததை எடுத்துவிட்டு நீளத்தைப் போட்டார். ‘நூறு சதவீதம் காட்டன்’ என்று ஒரு மூலையில் இருந்ததைக் கடைசி நேரத்தில் கண்டுபிடித்து அழித்தார். அழித்துவிட்டுத் தன் கவனத்தைத் தானே மெச்சிக்கொண்டு ஒரு டீ சொன்னார்.

அடிவரி அடியில் அப்படியே இருந்தது.

ஆனி இருபது வாக்கில் சென்னையிலிருந்து போன் வந்தது. ரத்தினசாமி ஸ்பீக்கரில் போட்டார். கிட்டுசாமி, வரியைத் திரும்பக் கேட்கும் டிராபேக் பேப்பரில் கையெழுத்து வாங்க எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“மொதலாளி, காரு ஒரு கீறல் இல்லாம வந்திருக்கு” என்றான் சோணைமுத்து. “பேப்பர்லதான் சிக்கல். மேல நாலாயிரம் பவுண்டுன்னு இருக்கு. அடியில, இது சாம்பிள், மதிப்பே இல்லைன்னு ஒரு வரி இருக்கு. ரெண்டுல எதை நம்பச் சொல்லுறீகன்னு ஆபீசர் கேக்காரு.”

“சாம்பிளா?” என்றார் ரத்தினசாமி. “காருக்கு என்னய்யா சாம்பிள்? புடிச்சிருந்தா ஆயிரம் கார் ஆர்டர் போடறமுன்னா சொன்னோம்?”

“அவரும் அதேதான் கேட்டாரு மொதலாளி. ஒரே தாள்ல ரெண்டு வெலை இருந்தா ரெண்டையும் நம்ப மாட்டோம், நாங்களே வெலை போடுறோம்னுட்டாக. அதுவரைக்கும் வண்டி யார்டுல நிக்கும். நிக்கிற நாளுக்கெல்லாம் டெமரேஜு வாடகை.”

“ஆரு அந்த வரிய எழுதுனது?”

போனுக்குள் துறைமுகத்துக் காற்று இரைந்தது. லாரி ஒன்று பின்னால் வரும் ‘கீங் கீங்’ சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியில் கிட்டுசாமி வாயைத் திறந்திருக்கலாம். வாய் திறக்கவும் செய்தது. “நான் ஃபைலைப் பாத்துட்டு வந்தர்றேனுங்க” என்று வந்தது.

“பாத்துச் சொல்றேன் மொதலாளி” என்று அந்தப் பக்கம் சோணைமுத்து சொல்வதும் கேட்டது.

மேஜைக்கு வந்து ஃபைலைத் திறந்தார். இருந்தது. ஒற்றை எம்மோடு, பெற்ற பிள்ளை மாதிரி அவரையே பார்த்துக்கொண்டு. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மகள் தமிழ்மதி கோயமுத்தூரில் இஞ்சினியரிங் இரண்டாம் வருடம். டாலர் விழுந்து ஊரே ஆள் குறைத்துக்கொண்டிருக்கிறது. ஐம்பத்திரண்டு வயசுக்காரனை, அதுவும் முதலாளிக்குப் பல லட்சம் நட்டம் வைத்தவனை, எந்தக் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் விடுவான்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஃபைலை மூடினார். முதலாளி சற்றுக் குளிர்ந்த நேரமாகப் பார்த்து.

குளிரவில்லை. ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று கிளம்பி வந்து ஊரில் இருக்கிற பஞ்சுத் தூசியை எல்லாம் எல்லார் கண்ணிலும் போட்டது. கண் சிவந்து திரிய கிட்டுசாமிக்கு அது வசதியாகப் போயிற்று. துறைமுகத்தில் காரை ஏழாயிரத்து ஐந்நூறு பவுண்டு என்று மதிப்புப் போட்டார்கள். அபராதம் தனி. ரத்தினசாமி காலையில் வந்ததும் முதலில் டாலர் எவ்வளவு என்று கேட்பார், அடுத்து டெமரேஜ் எத்தனை நாள் என்று கேட்பார். இரண்டுக்கும் கிட்டுசாமிதான் பதில் சொல்ல வேண்டும்.

“சோணைமுத்து பண்ணுன வேலைதானுங்க இது. அவன் ஆபீசுல ஏதோ பசங்களை வெச்சு அடிச்சிருக்கறான். பதினஞ்சு வருசம் பாத்தவனைக் கண்ணை மூடி நம்பினேன் பாருங்க” என்று முதலாளி ஒரு நாள் தானாகவே முடிவுக்கு வந்தார்.

“ம்” என்றார் கிட்டுசாமி. ஆமாம் என்று சொல்லவில்லை என்பதில் அவருக்கு அன்று இரவு வரைக்கும் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. அப்புறம் அதுவும் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோணைமுத்து கிட்டுசாமி வீட்டுக்கே வந்து நின்றான். ஏதோ கையெழுத்துக்காகச் சென்னையிலிருந்து வந்தவன். மண்ணடி லாட்ஜில் தங்கி, முகம் கறுத்திருந்தது. கையில் வழக்கம்போல மக்ரூன் பெட்டி.

கிட்டுசாமியின் மனைவி சாரதாமணி கூடத்தில் பனியன் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தையலில் தொங்கும் நூல் துணுக்குகளைக் கத்தரிக்கிற வேலை. பீசுக்கு இவ்வளவு பைசா என்று கம்பெனிக்காரர்கள் வீட்டில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்கள்.

“வா தம்பி, வா. என்ன இப்படி எளைச்சுப்போயிட்டே? சென்னையில இருந்துட்டு தூத்துக்குடி மக்ரூன் எங்கருந்து புடிச்சே?”

“ஊர்ல இருந்து பஸ்சுல போட்டுவிடச் சொன்னேங்க்கா. வெறுங்கையோட வந்தா நீங்க கதவு தொறக்க மாட்டீகள்ல.”

“சித்த இரு, அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி இருக்குது. ஒரு வாய் தின்னுட்டுப் போ.”

அவன் தட்டில் நெய் விட்டுப் பிசைந்து தின்றான். கிட்டுசாமி எதிரே உட்கார்ந்து, அவன் எப்போது கேட்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சென்னையின் வெயிலைப் பற்றிச் சொன்னான். லாட்ஜில் மூட்டைப்பூச்சி பற்றிச் சொன்னான். காரைத் தினம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னான். “எம்புட்டு அழகுண்ணே! முன்னாடி லைட்டு ரெண்டும் கண்ணு மாதிரி. என்னையப் போட்டுட்டுப் போயிட்டீகளேடான்னு கேக்குற மாதிரி இருக்கும்.”

கிட்டுசாமி தண்ணீர் குடித்தார்.

“வேற ஒண்ணும் இல்லையேண்ணே?” என்று கேட்டான் செருப்பை மாட்டிக்கொண்டே.

“ஒண்ணுமில்லை தம்பி. பத்தரமாப் போ.”

அவன் போய் ஒரு வாரம் ஆகியும் மக்ரூன் பெட்டி பிரிக்கப்படாமல் ஷெல்ஃபில் இருந்தது. எறும்பு கண்டுபிடித்துவிட்டது.

“ஏனுங்க, பெட்டி வந்தா அன்னைக்கே பாதியக் காலி பண்ணுவீங்க. இப்ப எறும்புக்கு எழுதி வெச்சுட்டீங்களா? சக்கரை கிக்கரை வந்துபோச்சா?” என்றாள் சாரதாமணி.

கிட்டுசாமி சொன்னார். ஃபார்மேட், அடிவரி, ஒற்றை எம், மூன்று விநாடி, ‘ம்’ எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்தரியை நிறுத்தாமல் கேட்டாள். சொல்லி முடித்த பிறகும் நாலு பீஸ் வெட்டினாள்.

“நான் கர்ப்பப்பை ஆபரேசன் பண்ணிக் கெடந்தப்ப ஆசுபத்திரி பெஞ்சுல மூணு நாளு படுத்துக் கெடந்தது ஆருங்க?”

“சோணை.”

“நீங்க எங்க இருந்தீங்க?”

“ஷிப்மெண்டு.”

“அந்த ஷிப்மெண்டை ஏத்தாம உட்டுப்போட்டு இங்க வந்து படுத்துக் கெடந்தவன் அவன். உங்களைத் திட்டுனாங்களா அவனைத் திட்டுனாங்களா அப்ப?”

“அவனைத்தான்.”

“அப்பவும் அவனைத்தானா!” என்று அவள் ஒரு பனியனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். “எனக்கு எம்மும் தெரியாது எண்ணும் தெரியாதுங்க. ஒரு பிசிறு உட்டா டஜனோட திருப்பிப் போடறாங்க, அது தெரியும்.”

“வேலை போயிருமுடி. தமிழ்மதி காலேசு பீசு?”

“போனாப் போகட்டும்னு நான் சொல்லுலீங்க” என்றாள் அவள், குரல் இறங்கி. “எனக்கும் பயந்தான். ஆனா அந்தப் பெட்டிய எடுத்து வெளிய போட எனக்குக் கை வருலீங்க. தின்னவும் வருல. நீங்களே ஏதாச்சும் பண்ணுங்க.”

கார் விடுபட்டு, நாற்பத்தோராம் நாள், ஆடிக் கடைசியில் ஒரு டிரெய்லர் மேல் ஏறி வந்தது. கம்பெனி கேட்டுக்குள் அதை இறக்கியபோது தைக்கிற பவர் டேபிள், செக்கிங், பேக்கிங் எல்லாம் எழுந்து வந்து நின்றன. “அம்பாசடர் கா தாதா!” என்றான் ஒரு பீகார்க்காரன். “அம்பாசடருக்குத் தாத்தாவாம்” என்று பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். ஸ்டார்ட் ஆகவில்லை. எட்டுப் பேர் சேர்ந்து ஃபினிஷிங் ஷெட்டுக்குள் தள்ளினார்கள். தள்ளியவர்களில் சோணைமுத்துவும் ஒருவன். டிரெய்லரோடேயே வந்திருந்தான்.

ரத்தினசாமி பானட்டைத் தொட்டுக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. காற்றாகவும் இருக்கலாம். பிறகு சோணைமுத்துவை அறைக்குள் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தும் எல்லாருக்கும் கேட்டது.

“ஒம்போதுன்னு சொன்னே. பதினேழு ஆயிருக்குது. கேட்டா உன்ற ஆபீசுத் தப்புன்னு நீயே எழுதிக் குடுத்திருக்கறே. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கேட்டுக்குள்ள வந்தே? இனிமேல் இந்தப் பக்கம் வராதே. போ வெளியே.”

கதவு திறந்தது. சோணைமுத்து கிட்டுசாமியின் மேஜையைக் கடக்கும்போது ஒரு கவரை வைத்தான். “ஃபைலுக்குண்ணே” என்றான். நின்று பார்க்கவில்லை.

கவருக்குள் அவன் துறைமுகத்தில் கொடுத்த விளக்கக் கடிதத்தின் நகல். இன்வாய்ஸின் வரைவை எங்கள் அலுவலகம் தயாரித்தது, பனியன் மாதிரிக்கான படிவத்தில் இருந்த வரி எங்கள் கவனக்குறைவால் தங்கிவிட்டது, இதில் இறக்குமதியாளருக்குப் பங்கில்லை, இப்படிக்கு சோணைமுத்து. கிட்டுசாமிக்கு விஷயம் புரிந்தது. அனுப்புகிறவனுடைய பில்லை வாங்குகிறவன் கம்பெனியே அடித்தது என்று தெரிந்திருந்தால் அபராதம் இதோடு நின்றிருக்காது. அதைத் தன் பேரில் எழுதிக் கொடுத்திருக்கிறான். கடிதத்தின் பின்னால் இன்னொரு தாள் பின் செய்திருந்தது. அவன் சேர்ந்து வேலை பார்க்கும் சென்னை ஏஜென்சிக்காரர்கள், இந்தக் கடிதத்தைக் காட்டி, அவனுடைய துறைமுக நுழைவு அட்டையை ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைத்திருந்தார்கள்.

“கிட்டுசாமி!” என்று உள்ளேயிருந்து குரல். “அவனுக்கு ஒரு லெட்டர் அடிங்க. இனிமேல் உங்க சர்வீஸ் வேண்டாமுன்னு. இன்னைக்கே.”

கிட்டுசாமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சோணைமுத்து பெயரைப் போட்டு, ‘அன்புடையீர்’ என்று அடித்தார். அந்த ஒரு சொல்லிலேயே கை நின்றுவிட்டது. பக்கத்து டேபிளில் ஷிப்பிங் மார்க் அடிக்கிற பெண் அவரைப் பார்த்தாள். “அண்ணா, கண்ணுல தூசிங்களா?” என்றாள். “ஆமா கண்ணு” என்றார். நாற்பத்தொரு நாளாகச் சொன்ன பொய்களில் அதுதான் கடைசி.

சோணைமுத்து பெயரை அழித்தார். முதலாளி பெயரைப் போட்டார். இங்கிலீஷில்தான் அடித்தார். தமிழில் சொல்ல வெட்கமாக இருந்தது. காரின் இன்வாய்ஸை அடித்தது நான். அந்த வரியை விட்டது நான். சோணைமுத்து எழுதிக்கொடுத்தது பொய். வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன். கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனபோது முதலாளி அறையில் இல்லை. ஷெட்டில் கார் அருகே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ரத்தினசாமி படித்தார். மெதுவாகத்தான் படிப்பார். தாள் காற்றில் படபடத்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முடித்துவிட்டு நிமிரவில்லை. தாளைக் கிட்டுசாமி பக்கமாகத் திருப்பி, அடியில் விரலை வைத்தார்.

‘இது சாம்பிள், கமர்ஷியல் மதிப்பு எதுவும் இல்லாதது.’ ஒற்றை எம்.

கம்பெனி பேர் மேலே போட்டிருந்த ஃபைல் அவருக்கு அந்தச் சாம்பிள் இன்வாய்ஸ் ஒன்றுதான். லெட்டர் அடிக்கவும் அதையேதான் திறந்திருந்தார். கிட்டுசாமிக்குத் தரை பிளந்தால் தேவலை போலிருந்தது. ஆனால் அது சிமெண்டுத் தரை.

“எப்பத் தெரியும்?”

“மொத நாளுங்க. நீங்க போனை ஸ்பீக்கர்ல போட்டீங்கல்லங்க, அன்னைக்கே.”

“நாப்பத்தொரு நாளு.”

“ஆமாங்க.”

அயர்ன் டேபிளிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. ரத்தினசாமி காரின் மட்கார்டில் படிந்த பஞ்சைத் துடைத்தார்.

“பணம் போனது போகட்டுமுங்க. அது என்ற ஆசைக்குக் கட்டுன வரி. அதுல உங்களை ஒண்ணும் கேக்கமாட்டேன். அந்த மனுசனை, பதினஞ்சு வருசம் எனக்குச் செஞ்சவனை, இத்தனை சனத்துக்குக் கேக்கற மாதிரி வெளிய போன்னேனுங்களே, அதுக்கு எவன் வந்து வெலை போடுவான்? சொல்லுங்க. நீங்கதான் டாக்குமெண்டு ஆளாச்சே.”

ரத்தினசாமி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“ராஜினாமாவை நாளைக்குப் பேசிக்கலாம். ஒத்துக்கறனா இல்லையான்னு எனக்கே தெரியல, அம்புட்டுக் கோவத்துல இருக்கறேன். மொதல்ல அவன் ஊட்டுக்குப் போங்க. நானும் போகோணும். ஆனா உங்க பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டுப் போகமாட்டேன், நீங்களும் என்ற பின்னாடி ஒளிய வேண்டாம். தனித்தனியாப் போலாம்.”

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது சாரதாமணி கத்தரியைக் கீழே வைத்தாள். மூலனூர்ச் சந்தையிலிருந்து அவள் தம்பி கொடுத்துவிட்டிருந்த முருங்கைக்காயில் நல்லதாகப் பொறுக்கி ஒரு கட்டுக் கட்டிக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சோணைமுத்துவின் வீடு, மாடிப் போர்ஷன். இன்னும் வெளிச்சம் இருந்தது. அவன் கைலியோடு படியில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை.

“தம்பி, மொதலாளிகிட்டச் சொல்லிப்போட்டேன்.”

“ம்.”

“அந்த இன்வாய்ஸை அடிச்சது நாந்தான்னு...”

“தெரியும்ணே.”

“எப்போ?”

“பேப்பரைத் தொறந்த அன்னிக்கே. அந்த ஆபீசரு வரிய விரலை வச்சுக் காட்டுறாரு. எம்மு ஒண்ணுதான் இருக்கு. பதினஞ்சு வருசமா உங்க பார்சலு எம்புட்டு என் கை வழியாப் போயிருக்கு! ஊருல வேற எவனுக்குண்ணே அது வரும்? அது உங்க கைரேகையில்லா.”

“பின்ன ஏன் தம்பி சொல்லல?”

“போன்ல மொதலாளி கேட்டப்ப நீங்க பக்கத்துல நிக்கிறீகன்னு எனக்குத் தெரியும். ஃபைலைப் பாக்கேன்னீக. சரி, பாத்துட்டுச் சொல்லுவீகன்னு நானும் சும்மா இருந்தேன். லெட்டரு எழுதிக் குடுத்தது கம்பெனிக்காக. அது தொழிலு, அதுல ஒண்ணுமில்ல. ஆனா...” அவன் கைலியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டான். “வீட்டுக்கு வந்தேம்ல. ஞாயித்துக்கிழமை. எதுக்கு வந்தேன்னு நினைக்கிறீக? அக்கா சோறு போட்டாக. வேற ஒண்ணும் இல்லையேன்னு கேட்டேன். பத்தரமாப் போன்னீக.”

கிட்டுசாமி முருங்கைக்காய்க் கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“யார்டுல காரைத் தினம் போயிப் பாப்பேன். ஒவ்வொரு நாளும் டெமரேஜு ஏறும். லாட்ஜுக்கு வந்து போனைப் பாப்பேன். உங்க நம்பரு வராது. இதுக்கும் ஏறுதுன்னு நினைச்சுக்கிடுவேன்.”

கீழே ஒரு பஸ் தாராபுரம் தாராபுரம் என்று கத்திக்கொண்டு போயிற்று. உள்ளே குக்கர் விசில் அடித்தது. கிட்டுசாமி கையிலிருந்த கட்டை என்ன செய்வதென்று தெரியாமல் படியில் வைத்தார்.

சோணைமுத்து அதைப் பார்த்தான்.

“என்ன சரக்கு?”

“முருங்கக்காயி. ஊர்ல இருந்து வந்துது.”

“வெலை?”

“வெலையெல்லாம் என்ன தம்பி. வெலையில்லை.”

“வெலையில்லைன்னு நீங்க எழுதிக் குடுத்தா இனிமே எவன் நம்புவான்?” என்றான் சோணைமுத்து. முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் கட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டான்.

வாழைநார் முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொரு காயாக எடுத்து, வளைத்துப் பார்த்து, முற்றலா இளசா என்று நகத்தால் கீறி, படியில் வரிசையாக வைக்க ஆரம்பித்தான். உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. இன்னும் பத்துப் பதினைந்து காய் இருந்தது. கிட்டுசாமி இரண்டு படி கீழே, கையைக் கட்டிக்கொண்டு, மதிப்புப் போட்டு முடிக்கட்டும் என்று நின்றார்.